தங்கச்சி வாங்கின துப்பாக்கி

ரைலிக்குப் பொறாமை வந்தால் முகத்தில் தெரியாது, கையில்தான் தெரியும். உருளைக்கிழங்கு சீவ உட்கார்ந்தால் பாதிக் கிழங்கு தோலோடு போய்விடும். அந்த வருஷம் கோடை முழுக்க அவள் புருஷன் வெய்யோ கோலிக்குண்டு அளவுக் கிழங்கைத்தான் தின்றான். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் கிடைக்காது.

காரணம் ஹுக்கவாரா ஊருக்கே தெரியும். அவள் தங்கச்சி இர்யாதான்.

ஊருக்கு வடக்கே இரண்டு பெரிய சதுப்பு நிலங்கள் கிடக்கின்றன. நடுவில் பைன் மரங்கள் நிற்கிற ஒடுக்கமான மேடு ஒன்று உண்டு. அதைச் சேற்றுக் கழுத்து என்பார்கள். நாய் விரட்டினால் மூஸ் மான் அந்தக் கழுத்து வழியாகத்தான் ஓடியாக வேண்டும். இலையுதிர் காலத்து வேட்டையில் அங்கே நிற்பவருக்குத்தான் மூஸ் கிடைக்கும், பேரும் கிடைக்கும். மற்றவர்கள் சாலையோரத்திலும் ஓடைக்கரையிலும் நின்று மூக்கு ஒழுகிக்கொண்டு திரும்புவார்கள். ரைலியின் அப்பா சாகும்வரை அங்கே நின்றார். அவருக்குப் பிறகு ரைலி நின்றாள்.

ரைலி ஊர் முதியோர் இல்லத்தில் சமையல்காரி. காலையில் கஞ்சி, மத்தியானம் மீன் சூப். பல் இல்லாத வாய்கள் அதை மென்று விழுங்கும், உப்பு பத்தவில்லை என்று குறை சொல்லும். அவளை யாரும் ஒரு பொருட்டாகப் பார்த்ததில்லை. கழுத்திலிருந்து இறங்கி வருகிற நாட்களில் மட்டும்தான் வேட்டைக் கூட்டத்துப் பன்னிரண்டு பேர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "என்ன ரைலி, என்ன பாத்தே?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அவள் மழையிலும் பனியிலும் அங்கே நின்றாள். வேறு எதற்குமில்லை.

இர்யா நாலு வயசு இளையவள். கயானி நகரத்தில் வங்கி வேலை பார்த்து, வயசுக்கு முந்தியே ஓய்வு வாங்கிக்கொண்டவள். புருஷன் போய்ச் சேர்ந்ததும் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்து, சுவரை இடித்துப் பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்தாள். சும்மா இருக்கலாம் இல்லையா? வேட்டைப் பரீட்சை எழுதித் தேறிக் கூட்டத்தில் சேர்ந்தாள். புதுத் துப்பாக்கி ஒன்றும் வாங்கினாள். தோளில் பதிகிற பக்கம் வால்நட் மரக் கட்டை, கருநீலமாக மின்னுகிற குழல். முதல் வருஷமே சாலையோரத்தில் நின்று ஒரு கடா மூஸை விழுத்தினாள். ஆண்கள் எல்லோரும் அவள் துப்பாக்கியைக் கையில் வாங்கித் தடவித் தடவிப் பார்த்தார்கள். ரைலி அடுப்புக்கு விறகு எடுக்கப் போவதுபோல எழுந்து வெளியே போனாள்.

ரைலியிடம் இருந்தது அப்பாவின் பழைய துப்பாக்கி. இந்தத் துப்பாக்கிகளில் ஒரு தடவை சுட்டதும், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிற போல்ட்டைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். போல்ட் வலது பக்கம் இருக்கும். ரைலியோ நொட்டாங்கைக்காரி. இடது தோளில் வைத்துச் சுட்டுவிட்டுத் துப்பாக்கியை இறக்கி, மேலே தாவி, அந்தப் பக்கத்துப் போல்ட்டைப் பிடித்து இழுக்க வேண்டும். அவளுக்கு முதல் குண்டு பெரும்பாலும் கைகொடுக்கும். இரண்டாவது குண்டு என்று ஒன்று அவள் வாழ்க்கையில் இருந்ததே இல்லை.

போன வருஷம் அதுதான் கெடுத்தது. கழுத்தில் பெரிய கடா ஒன்று வந்தது. முதல் குண்டு ஒரு பிர்ச் மரத்தில் பட்டது. ரைலி போல்ட்டோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் ஆடுகிற கிளைகள் மட்டும்தான் மிச்சம். கூட்டத் தலைவர் அஹ்தி கத்தவில்லை. சூப் குடித்துக்கொண்டே சொன்னார்:

"மனசுல வச்சுக்காதம்மா ரைலி. அடுத்த வருஷம் கழுத்துல இர்யா நிக்கட்டும். உன் துப்பாக்கிக்கு வயசாயிருச்சு. அவளோடது சுறுசுறுப்பா இருக்கு."

"வேண்டாம்ண்ணே, அக்காவே நிக்கட்டும். அது அப்பா நின்ன இடம்" என்றாள் இர்யா.

இடம் போனதைக்கூட ரைலி பொறுத்திருப்பாள். விட்டுக்கொடுக்கிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

வெய்யோவை வண்டி ஓட்டச் சொல்லி அவள் கயானிக்குப் போனாள். துப்பாக்கிக் கடைக்காரன் கியோஸ்தி அவளை ஏற இறங்கப் பார்த்தான். பேனாவை அவள் எந்தக் கையால் வாங்கினாள் என்பதையும் பார்த்தான். உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தான்.

"ரைலிக்கா, இதைக் கொஞ்சம் தோள்ல வச்சுப் பாருங்க. நொட்டாங்கைக்காரங்களுக்குன்னே செஞ்சது. போல்ட் இடது பக்கம்."

ரைலி தூக்கினாள். இறகுபோல ஏறியது. விரலை விசையிலிருந்து எடுத்தாள், கை நேராகப் போல்ட்டில் விழுந்தது. சுட்ட பாவனை செய்து இழுத்தாள், தள்ளினாள், மறுபடி இழுத்தாள். துப்பாக்கி தோளை விட்டு அசையவே இல்லை. காலமெல்லாம் தாவித் தாவிப் பழகின கை, வேலை இல்லாமல் திகைத்துப்போய் நின்றது.

"வாங்கிரு" என்றான் வெய்யோ.

ரைலி அதைத் திருப்பிப் பார்த்தாள். கட்டை பிளாஸ்டிக். மாட்டுக் கொட்டகை வாளியின் நிறம். மினுக்கம் என்று ஒன்று இல்லை. நொட்டாங்கைக்காரங்களுக்குன்னே செஞ்சது என்று அவன் சொன்னதும் அவளுக்குப் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வந்தது. டீச்சர் அவள் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைக்கச் சொல்லி எழுத வைத்ததும், வீட்டில் அம்மா, "இர்யாவைப் பாரு, முத்து முத்தா எழுதுறா" என்றதும். இந்த வாளியைத் தூக்கிக்கொண்டு இர்யாவின் வால்நட் மரத்துக்குப் பக்கத்தில் நிற்பதா?

"என் தங்கச்சி எதை வாங்கினா?"

"அது வலது கைக்காரங்களுக்குக்கா. உங்களுக்கு அது..."

"எதை வாங்கினான்னுதான் கேட்டேன். யாருக்குன்னு கேக்கல."

கியோஸ்தி அதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தான். கனமாக இருந்தது. போல்ட் மறுபடியும் அந்தப் பக்கம். அவள் தோளில் வைக்கக்கூட இல்லை. கட்டையை ஒரு தடவை தடவினாள், அவ்வளவுதான்.

"இதைக் குடு."

"ஏ ரைலி, கண்ணாலயா சுடப்போறே? கையாலதானே சுடணும்?" என்றான் வெய்யோ.

"உன்னை வண்டி ஓட்டத்தான் கூட்டிட்டு வந்தேன்."

கியோஸ்திக்கு விற்கிற பொருள் விற்றால் போதும். பெருமூச்சு விட்டுக்கொண்டு ஒன்று மட்டும் சொன்னான்: "தங்கச்சிகிட்டயும் இதேதான் இருக்கு, ஜாக்கிரதை. ஒவ்வொரு போல்ட்டையும் அதது துப்பாக்கிக்குன்னு பொருத்தியிருக்கும். மாத்திப் போட்டா உள்ளே போகும், ஆனா போடக் கூடாது."

போலீஸ் அனுமதி வந்து துப்பாக்கி வீட்டுக்கு வந்த அன்றைக்கே இர்யா பார்க்க வந்தாள். பார்த்ததும் கை தட்டினாள்.

"அய்யோ அக்கா, அச்சு அசலா என்னோடதே! ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி! நீ என்கிட்டச் சொல்லவே இல்லையே!"

"உன்கிட்டக் கேட்டுத்தான் வாங்கணுமாடி?"

"அதுக்கில்ல. உனக்குப் போல்ட் அந்தப் பக்கம் இருக்குமே, கஷ்டமா..."

"எனக்கு எந்தக் கஷ்டமும் இல்ல. நீ காப்பியைக் குடி."

கஷ்டம் இருந்தது. சுடுகிற திடலில் அவள் கன்னம் கட்டையில் சரியாக உட்காரவில்லை. கட்டையின் வளைவு வலது கன்னத்துக்கு என்று செதுக்கினது. குண்டு ஒன்று மேலே போகும், ஒன்று பக்கவாட்டில் போகும். அவள் குழலுக்கு மேலே பூட்டியிருந்த, குறி பார்க்கிற கண்ணாடியின் திருகை இப்படித் திருகினாள், அப்படித் திருகினாள். கடைசியில் கண்ணாடியே அவள் கோணலுக்குத் தக்கபடி கோணிக்கொண்டது. நாலு குண்டும் அட்டை மூஸின் நெஞ்சுக்குள் விழுந்தன. ஆனால் விளிம்பில். வேட்டைக்கு முந்திச் சுட்டுக் காட்டுகிற பரீட்சையில் தேறிவிட்டாள். வேறு யார் அதை எடுத்துச் சுட்டாலும் குண்டு பக்கத்து ஊரில்தான் விழும்.

அக்டோபரில் வேட்டை தொடங்கியது. முதல் நாள் காலையில் அஹ்தி சொன்னபடி இர்யா கழுத்துக்குப் போனாள், ரைலி சாலையோரம் நின்றாள். ஒரு முயல்கூட வரவில்லை. கழுத்திலும் ஒன்றும் வரவில்லை என்று, கூட்டத்தார் பேசிக்கொள்கிற ரேடியோவில் கேட்டதும் ரைலிக்குக் குளிரே தெரியவில்லை.

மத்தியானம் எல்லோரும் வேட்டைக் குடிசைக்குத் திரும்பினார்கள். குடிசைக்குள் துப்பாக்கி வரக் கூடாது. வாசல் தாழ்வாரத்தில் ஒரு மரச் சட்டம் உண்டு. வருகிறவர்கள் போல்ட்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியைச் சட்டத்தில் சாய்த்துவிட்டு உள்ளே போக வேண்டும். போல்ட் இல்லாத துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய். யாருக்கும் ஆபத்தில்லை. அக்காவும் தங்கையும் அடுத்தடுத்துத்தான் சாய்த்துவிட்டுப் போனார்கள்.

சாசேஜ் வாட்டித் தின்றுகொண்டிருக்கும்போது அஹ்தி மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இர்யா காலையில நின்னாச்சு. இப்ப ரைலி கழுத்துக்குப் போகட்டும். புதுத் துப்பாக்கி என்ன பண்ணுதுன்னு பாப்போம்."

ரைலி சாசேஜைத் தட்டிலேயே வைத்தாள். அவர் மனசு மாறிவிடப் போகிறதே என்று காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். தாழ்வாரத்தில் துப்பாக்கியைத் தூக்கினாள், பையிலிருந்த போல்ட்டைச் சொருகினாள், க்ளிக் என்றது, நடந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

கழுத்தில் பைன் மரத்தடியில் அப்பா உட்கார்கிற கல் ஈரமாக இருந்தது. அவள் நின்றாள். தொலைவில், மூஸை விரட்டப் போயிருந்த பெக்கு என்கிற நாய் குரைக்கத் தொடங்கியது. குரைப்பு நெருங்கியது, விலகியது, மறுபடி நெருங்கியது. பிறகு சதுப்பின் ஓரத்தில் தண்ணீர் சளக் சளக் என்றது. கடா வந்தது. கொம்பில் பாசி தொங்கிக்கொண்டிருந்தது. ரைலி துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். இத்தனை நாள் முரண்டு பிடித்த சனியன் இன்றைக்கு என்னமோ சொன்னபடி கேட்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. சுட்டாள். கடா கொஞ்சம் தள்ளாடி நடந்து, முழங்கால் மடங்கி, சாய்ந்தது. இரண்டாவது குண்டுக்கு வேலையே இல்லை.

கிட்டப் போய் அதன் காதைத் தொட்டாள். சூடாக இருந்தது. போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுக்கத் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தாள். கட்டையின் அடிப்பக்கம் ஒரு ஸ்ட்ராபெர்ரிப் பழ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. இர்யாவின் பேத்தி ஒட்டின ஸ்டிக்கர். அந்தக் குட்டி அந்த வீட்டில் கதவு, கரண்டி, பாட்டியின் நெற்றி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

ரைலி அவசரத்தில் தூக்கி வந்தது இர்யாவின் துப்பாக்கி. அந்த நேரம் பார்த்து ரேடியோ கரகரத்தது. இர்யாவின் குரல்.

"சாலையோரத்துல ஒரு இளங்கடா வந்துச்சு. ரெண்டு சுட்டேன். ரெண்டும் எங்க போச்சுன்னே தெரியல. தப்பிச்சுப் போயிருச்சு."

நாயைக் கொண்டுபோய்த் தேடிப் பார்த்தார்கள். ரத்தமும் இல்லை, காயமும் இல்லை. இரண்டு குண்டும் சுத்தமாகக் குறி தப்பியிருந்தன.

குடிசைக்குத் திரும்பியதும் ரைலி யாரும் பார்க்காமல் துப்பாக்கியைச் சட்டத்தில் இர்யாவின் இடத்தில் சாய்த்தாள். இர்யா தன் கையிலிருந்ததை எங்கே சாய்க்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் ரைலியின் இடத்தில் சாய்த்தாள். வேலை முடிந்தது. அதது அதன் இடத்துக்குப் போய்விட்டது. உலகத்தில் ஒருத்திக்கு மட்டும்தான் விஷயம் தெரியும், அவள் வாயைத் திறக்கப் போவதில்லை.

"பிரமாதம் ரைலி" என்று அஹ்தி தோளைத் தட்டினார். "இனிமே கழுத்து உனக்குத்தான். பேச்சே இல்ல."

ரைலி தலையை ஆட்டினாள். இதற்குத்தானே இத்தனை நாள் வயிறு எரிந்தது. இப்போது எல்லோரும் தன்னைச் சுற்றி உட்கார்ந்து, என்ன பாத்தே, எப்படி வந்துச்சு என்று கேட்பார்கள் என்று பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

யாரும் கேட்கவில்லை. எல்லோரும் இர்யாவைச் சுற்றி நின்றார்கள்.

இர்யா முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டிருந்தாள். "எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு போல. கண்ணும் போச்சு. நாளையிலேருந்து நான் காப்பி மட்டும் போட்டுத் தரேன்" என்றாள்.

"சேச்சே, என்ன பேச்சு இது" என்று அஹ்தி தன் கையாலேயே அவள் கோப்பையில் காப்பி ஊற்றினார். சொந்தப் பெண்டாட்டிக்கு ஒரு நாள் காப்பி ஊற்றியிருக்க மாட்டார் அந்த மனுஷன். நாய்க்காரன் யோவ்னி ரொட்டியை வெட்டி, பெரிய துண்டாகப் பார்த்து அவளிடம் நீட்டினான். "எங்கப்பா ஒரு தடவை கொட்டகை மாதிரி நின்ன மூஸையே விட்டுட்டாரு அத்தை" என்றான். ஒருத்தன் அவள் முதுகில் தன் கோட்டைப் போர்த்தினான்.

ரைலி பார்த்துக்கொண்டே இருந்தாள். விழுத்தினவளுக்கு ஒரு தோள் தட்டு. விட்டவளுக்கு ரொட்டி, காப்பி, கோட்டு. ஜெயித்தாலும் அவள்தானா, தோற்றாலும் அவள்தானா?

"போதும்டா உங்க தாலாட்டு!" என்று கத்தினாள். "அவளுக்குக் கையும் நடுங்கல, கண்ணும் போகல! அவ சுட்டது என் துப்பாக்கியில! அந்தச் சனியன்ல கடவுளே சுட்டாலும் படாது!"

அஹ்தி கையிலிருந்த காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப நீ சுட்டது?" என்றார் அஹ்தி.

"அவளோடதுல."

இர்யா எழுந்து வெளியே போனாள். தான் சாய்த்த துப்பாக்கியில் ஸ்டிக்கர் இல்லாததையும், பையிலிருந்த போல்ட்டின் எண் அதோடு ஒத்துப்போகாததையும் பார்த்துவிட்டு வந்தாள். வரும்போதே சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

"அப்ப நான் இன்னும் கிழவி ஆகலையா?"

"ஆகலடி. ஆயிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் சிக்கல் வந்தது. கழுத்து யாருக்கு? ஒருத்தன் ரைலிதான் சுட்டாள் என்றான். இன்னொருத்தன், துப்பாக்கி இர்யாவுடையது, அவளையும் வேறு துப்பாக்கியால் கெடுத்தாகிவிட்டது, அவளுக்குத்தான் நியாயம் என்றான்.

"மூஸைக் கேட்டுப் பாருங்க, யாரு சுட்டான்னு அதுக்குத்தான் தெரியும்" என்றான் யோவ்னி.

அஹ்தி தலையைச் சொறிந்தார். "கை ரைலியோடது. துப்பாக்கி இர்யாவோடது. நான் எதைச் சொன்னாலும் ஒருத்தி வீட்ல எனக்குக் காப்பி கிடையாது. கறி பிரிக்கும்போது தீரட்டும்."

கறி பிரிப்பது அங்கே ஒரே விதமாகத்தான் நடக்கும். மேஜை முழுக்கச் சமமாகக் கூறு வைப்பார்கள். ஒருத்தர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். இன்னொருத்தர் கத்தியால் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்பார். முதுகைக் காட்டி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார். சொன்னது சொன்னதுதான். எலும்பு அதிகம் வந்தது, கொழுப்பு அதிகம் வந்தது என்று யாரும் முனகக் கூடாது.

அன்று மாலை கொட்டகையில் இர்யா முதுகைக் காட்டி நின்றாள். ரைலியின் கையில் கத்தி. மற்றவர்களின் பெயர் எல்லாம் முடிந்து இரண்டு கூறு மிஞ்சியது. அக்காவுடையது ஒன்று, தங்கையுடையது ஒன்று. அஹ்தி சத்தமில்லாமல் வந்து ஒரு கூறின் மேல் ஸ்புரூஸ் மரக் கொப்பைச் சொருகினார்.

"கொப்பு இருக்கிற கூறு யாருக்கோ அவங்களுக்குக் கழுத்து."

ரைலி கத்தியைக் கொப்பு இருந்த கூறின் மேல் வைத்தாள்.

"இது யாருக்கு?"

இர்யா உடனே சொல்லவில்லை. மூச்சு விடுகிற நேரம் நின்றாள்.

"அக்காவுக்கு."

எல்லோரும் கை தட்டினார்கள். ரைலி நிமிர்ந்தாள். அப்போதுதான் பார்த்தாள். இர்யாவின் முகத்துக்கு நேரே கொட்டகையின் ஜன்னல். வெளியே இருட்டிவிட்டது, உள்ளே விளக்கு எரிந்தது. கண்ணாடியில் மேஜை, கூறு, கத்தி, பச்சைக் கொப்பு எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

இறைச்சிப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் இர்யாவை நிறுத்தினாள்.

"ஜன்னல்ல பாத்தியாடி?"

"எதை?"

"நடிக்காதே. பாத்தியா இல்லையா?"

"கேட்டது கிடைச்சிருச்சில்ல அக்கா? எடுத்துட்டுப் போயேன்" என்று இர்யா வண்டியில் ஏறினாள்.

அந்த இறைச்சி ரைலிக்கு இறங்கவில்லை. வெய்யோ அடுப்பில் வைத்து மணிக்கணக்காக வேகவைத்தும் அவள் வாயில் அது தோல் மாதிரி நின்றது. பிச்சை போட்டாளா, தற்செயலா என்று மென்று மென்று பார்த்தாள். தற்செயல் என்றால் கழுத்து அவளுடையது. பிச்சை என்றால் இர்யா அவளைவிட நல்லவள். அது எப்படிப் பொறுக்கும்?

இதற்கு நடுவில் அஹ்தி வேறு ஃபோன் போட்டார். "கழுத்து உனக்குத்தான் ரைலி. ஆனா அந்தக் கோணத் துப்பாக்கியைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் வராதே, சொல்லிட்டேன்."

ரைலி கயானிக்குப் போனாள். வாளி நிறத்துத் துப்பாக்கி மூலையில் அப்படியே நின்றது. கியோஸ்தி ஒன்றும் சொல்லாமல் எடுத்து வைத்தான். பிழைக்கத் தெரிந்தவன். வால்நட் கட்டையை அவள் கடைசியாக ஒரு தடவை தடவினாள். பிறகு அவனிடம் தள்ளிவிட்டாள்.

அனுமதி மாறி வந்த ஞாயிற்றுக்கிழமை சுடுகிற திடலில் மழை தூறிக்கொண்டிருந்தது. அட்டை மூஸ் தண்டவாளத்தில் ஓட, ரைலி சுட்டாள், இழுத்தாள், தள்ளினாள், மறுபடி சுட்டாள். துப்பாக்கி தோளை விட்டு இறங்கவில்லை. அவள் வாழ்க்கையின் முதல் இரண்டாவது குண்டு அது. முதல் குண்டுக்கு ஒட்டினாற்போல விழுந்தது. இர்யா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் துப்பாக்கிக்கு மழைக்காக ஒரு பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தது.

"குடு பாக்கலாம் அக்கா."

ரைலி கொடுத்தாள். இர்யா தூக்கினாள், புருவத்தையும் தூக்கினாள்.

"என்னக்கா இவ்வளவு லேசா இருக்கு? என்னோடது கல்லு மாதிரி. போன வாரம் சுமந்தது இன்னும் தோள் வலிக்குது. இது நனைஞ்சாலும் கட்டை உப்பாதில்ல?"

"உப்பாது."

இர்யா தோளில் வைத்தாள். அவள் வலது கை போல்ட்டைத் தேடி வலது பக்கம் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. கை கொஞ்ச நேரம் காற்றில் துழாவியது. பிறகு மேலே தாவி அந்தப் பக்கத்துப் போல்ட்டைப் பிடிக்கப் பார்த்தது, நழுவியது.

"இதே மாதிரி வலது கைக்கும் வருதாமா?"

"எனக்கென்னடி தெரியும்? கடையில போய்க் கேளு."

ரைலி கையை நீட்டினாள். இர்யா துப்பாக்கியை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தாள், வாளி நிறத்துக் கட்டையில் விழுந்த மழைத் துளியைக் கட்டை விரலால் வழித்துவிட்டாள். பிறகுதான் திருப்பிக் கொடுத்தாள்.

வண்டியில் வரும்போது வெய்யோ ஓரக்கண்ணால் பார்த்தான். "என்ன சிரிக்கிறே?"

"ஒண்ணுமில்ல" என்றாள் ரைலி. "இர்யா என் துப்பாக்கியை வாங்கிப் பாத்தா. திருப்பிக் குடுக்க அவளுக்கு மனசே இல்ல."